அம்பாசடரின் கார்க் பேக்கிங்

அம்பாசடர் என்றாலே ஆயில் ஒழுகும் என்று சொல்கிறவர்களிடம் நான் அதிகம் வாதாடுவதில்லை. பானெட்டைத் தூக்கி, டேப்பெட் கவரின் ஓரத்தில் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். விரல் காய்ந்தபடியே திரும்பினால் அந்த வண்டியை ஒரு நல்ல கை தொட்டிருக்கிறது. ஈரமாகத் திரும்பினால் குறை பெரும்பாலும் தொட்ட கையில்தான். உத்தர்பாராவில் அந்தக் காரைக் கட்டியவர்களிடம் இல்லை, அந்த என்ஜினை முதலில் வரைந்த இங்கிலாந்துக்காரர்களிடமும் இல்லை. 1489 சி.சி. பி சீரீஸ் என்ஜினில் ஒழுக இடம் நிறையவே உண்டு. டேப்பெட் கவர், மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்துகிடக்கும் இரண்டு சைடு கவர்கள், டைமிங் கவர், சம்ப், எல்லாவற்றுக்கும் பின்னால் கிளட்ச் பக்கம் பின் மெயின் பேரிங். இவற்றில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காய்ந்த நிலையில் வைத்திருக்க முடியும். அந்த ஒன்றுக்குப் பிறகு வருகிறேன்.

ஹெட் பேக்கிங்குக்குத்தான் எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள். எரியும் வாயு, கொதிக்கும் தண்ணீர், அழுத்தத்தில் ஓடும் ஆயில் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் நிறுத்துகிற வேலை அதனுடையது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் என் மனம் போய் நிற்பது டேப்பெட் கவருக்கு அடியில் இருக்கும் கார்க் வளையத்தில். ஏன் என்று கேட்டால் அந்தக் கவரைப் பாருங்கள். அச்சில் அடித்த மெல்லிய தகரம். சுற்றிலும் ஒரு போல்ட்கூடக் கிடையாது. மேலே இரண்டே நட்டு, அவற்றுக்கு அடியில் ஒரு கப் வாஷர், ஒரு ரப்பர் புஷ். அந்த இரண்டு புள்ளிகளில் கொடுக்கிற அழுத்தம் தகரத்தின் வழியே இறங்கி, நாலு மூலைக்கும் பரவி, நீண்ட ஓரம் முழுக்க ஒரே மாதிரி உட்கார வேண்டும். தகரம் கொஞ்சம் வளையும். நடுவில் அழுத்தம் கூடும், மூலையில் குறையும். இந்த ஏற்றத்தாழ்வைப் பொறுத்துக்கொண்டு ஆயிலை நிறுத்துகிற பொருள் மிருதுவாக இருக்க வேண்டும். ஆனால் பிதுங்கிக்கொண்டு வெளியே ஓடிவிடவும் கூடாது.

கார்க்கின் மேன்மை அங்கேதான் தெரிகிறது. ரப்பரை மேலிருந்து அழுத்தினால் அதன் கனஅளவு குறைவதில்லை. அழுத்திய அளவுக்குப் பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடம் கொடுத்துப் பள்ளம் வெட்டி வைத்தால்தான் ரப்பர் சொன்ன பேச்சைக் கேட்கும். கார்க் அப்படி இல்லை. அதன் ஒவ்வொரு கண்ணறையிலும் காற்று அடைபட்டிருக்கிறது. அழுத்தினால் அந்தக் காற்று சுருங்குகிறது, கார்க் உயரத்தில் குறைகிறது, பக்கவாட்டில் அநேகமாக அசைவதே இல்லை. பாட்டில் மூடியாக அதைச் செருக முடிவதும் இந்தக் குணத்தால்தான். ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை அது. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து எடுக்கிறார்கள். அடுத்த முறை உரிக்க 9 வருஷம் காத்திருக்கிறார்கள். உலகத்துக் கார்க்கில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. எங்கேயோ ஒரு மலைச்சரிவில் 9 வருஷம் வளர்ந்த பட்டை, தூளாகி, பசையில் கட்டுண்டு, தாளாகி, கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்ஸியின் ஆயிலைக் காக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கத் தோன்றும்.

அதை மாட்டுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கோவையில் நான் பார்த்து வளர்ந்த பட்டறை மேஸ்திரி ஒருவர், கார்க்கைத் தொடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கவரோடு மட்டும் இருப்பார். பழைய பேக்கிங்கின் மிச்சத்தை உடைந்த ஹாக்ஸா பிளேடால் சுரண்டி எடுத்து, பெட்ரோலில் கழுவி, பழைய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் மேல் கவரைக் கவிழ்த்து வைப்பார். கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. முன்னால் யாரோ பலம் காட்டி இறுக்கியதில் தகரம் வளைந்திருக்கும். மரக்கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி, அந்த வெளிச்சம் மறையும் வரை நிமிர்த்துவார். அதன் பிறகுதான் பசை. பசை கவரின் பக்கம் மட்டும். அதுவும் ஷெல்லாக், துணி நுனியில் எடுத்து மெல்லிய பூச்சு. கார்க்கைக் கவரின் வாயில் படியவைத்து, நூலால் நாலைந்து இடத்தில் கட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து நூலை அறுத்துவிட்டு, ஹெட்டில் உட்காரும் பக்கத்தில் விரல் நுனியால் துளி கிரீஸ் தடவுவார். டேப்பெட் செட்டிங்குக்கு அடிக்கடி திறக்க வேண்டிய கவர் அது. ஹெட் பக்கமும் பசை போட்டால் அடுத்த முறை திறக்கும்போது கார்க் இரண்டாகப் பிளந்து பாதி மேலே, பாதி கீழே நிற்கும். கிரீஸ் போட்ட கார்க் கவரோடு சுத்தமாகக் கழன்று வரும். அப்படியே திரும்ப உட்காரும். அவர் கையால் ஒட்டிய ஒரே கார்க் பல டேப்பெட் செட்டிங்குகளைத் தாண்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

இறுக்குவதைப் பற்றி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கண்ணு, ஸ்பானரை ரெண்டு விரல்ல புடி. மூணாவது விரல் வந்தா கார்க் செத்துப் போகும்.” அவர் மேனுவல் படித்தவர் இல்லை. ஆனால் இதே பி சீரீஸ் குடும்பத்து எம்.ஜி.பி. காரின் மேனுவலைப் புரட்டினால் டேப்பெட் கவர் நட்டுக்கு 4 பவுண்டு அடி என்று போட்டிருக்கும். ஹெட் நட்டுக்கு 45 முதல் 50. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒழுகுகிறதே என்று நட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்குகிறவர்தான் அந்தக் கார்க்குக்கு முதல் எதிரி. கார்க் நசுங்க ஓர் எல்லை உண்டு. மூன்று மில்லிமீட்டர் தடிமன் இரண்டேகாலுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் அதன் கண்ணறைகள் உடையும்; உடைந்த கண்ணறை திரும்ப எழாது. தகரமும் நட்டுக்கு அடியில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்க ஒழுகல் கூடுவதன் காரணம் அதுதான்.

ரப்பர் பேக்கிங்கின் ரசிகர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள், வரட்டும். 1992க்குப் பிறகு இசுசூ 1.8 லிட்டர் என்ஜினோடு வந்த அம்பாசடரை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் பழைய என்ஜினைப் பார்த்து அனுதாபத்தோடு தலையை ஆட்டுவார்கள். ஜப்பானியக் கவர்களில் ரப்பருக்கென்றே பள்ளம் வார்த்திருக்கும், ரப்பர் அதில் அமர்ந்து பிதுங்க இடம் அளந்து விட்டிருக்கும், போல்ட்டுக்குத் தோள் வைத்து அதற்கு மேல் இறுக்கவே முடியாதபடி செய்திருப்பார்கள். அறிவான வேலை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரப்பர் வெப்பத்தில் வயதாகும். நைட்ரைல் ரப்பர் நூறு, நூற்றிருபது டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெந்தால் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். அதைத் தாண்டிய வெப்பத்துக்கு வைட்டான் வேண்டும், அதற்கு விலை வேண்டும். பத்து வருஷம் கழித்து ஒரு ரப்பர் பேக்கிங்கைக் கழற்றிப் பாருங்கள், பள்ளத்தின் வடிவிலேயே உறைந்து நிற்கும், நகத்தால் அழுத்தினால் அசையாது. அதற்குப் பதிலாக வடிவம் மாறாத அதே அச்சில் வார்த்த புதியது ஒன்று கிடைத்தால்தான் உண்டு. கார்க் என்றால் ஒரு தாளும் ஒரு கத்தியும் போதும். நின்றுபோன மாடலை ஓட்டுகிறவனுக்கு இந்த வித்தியாசம் பெரியது. அம்பாசடர் உற்பத்தியை 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

ரப்பர் தூள் கலந்த கார்க் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சைடு கவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பின் கவருக்குக் கை போகும். அடிக்கடி திறக்கிற இடம் இல்லை, எக்ஸாஸ்ட் சூடு பக்கத்திலேயே அடிக்கிறது. வெறும் கார்க் அங்கே காய்ந்து சுருங்கிவிடும்.

காய்வது என்றதும் நம் ஊர் வெயில் ஞாபகத்துக்கு வருகிறது. ஸ்பேர்ஸ் கடையில் ஆணியில் தொங்கவிட்ட கார்க் பேக்கிங் ஒரு சித்திரை மாதத்தைத் தாண்டினாலே அரை அங்குலம் குறைந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து கவரில் வைத்துப் பார்த்தால் எட்டாது. இழுத்துப் பிடித்து ஒட்டினால் மூலையில் விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, துணியில் ஒற்றி, தட்டையாக வைத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். இது தெரியாமல் நல்ல பேக்கிங்கைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, அவரோடு சண்டையும் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது சிலிகான். இதைப் பற்றி நான் பொறுமையாக எழுத முயல்கிறேன். ட்யூபில் வருகிற ஆர்.டி.வி. சிலிகான் மோசமான பொருள் இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது, முதலில் தோல் கட்டி, பிறகு உள்ளே மெதுவாக, நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் வீதம். காடி வாசனை அடிக்கிற பழைய வகை இரும்பையும் சென்சாரையும் அரிக்கும். வாசனை இல்லாத வகைதான் இன்றைய என்ஜினுக்கு ஏற்றது. சம்ப்பையே பேக்கிங் இல்லாமல் சிலிகான் கோட்டில் உட்காரவைக்கும்படி வடிவமைத்த என்ஜின்கள் ஏராளம்; அங்கே அதுதான் பேக்கிங், அதற்கு மாற்று கிடையாது. நம் சென்னை அனபாண்ட் ட்யூபைப் பார்க்காத பட்டறை தமிழ்நாட்டில் இருக்காது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் பழைய என்ஜினில் அதற்கு நான் ஒதுக்கும் இடம் மிகச் சிறியது. பி சீரீஸ் சம்ப்பில் முன்னும் பின்னும் மெயின் பேரிங் கேப்பின் வளைவில் ஒரு கார்க் துண்டு உட்காரும். பக்கங்களில் நீளமான பேக்கிங் வரும். இரண்டும் சந்திக்கிற நாலு மூலையில் ஒவ்வொரு கடுகளவு. துண்டுகள் கூடுகிற அந்த இடத்தில் எந்தப் பேக்கிங்காலும் அடைக்க முடியாத ஒரு முக்கோணப் பொந்து இருக்கும். சிலிகான் பிறந்ததே அந்தப் பொந்துக்காகத்தான் என்பேன்.

அதை விட்டுவிட்டு, நல்ல கார்க்கின் இரண்டு பக்கமும் பற்பசை பிதுக்குவது போலப் பிதுக்கி இறுக்குகிற பழக்கம் இன்று எல்லாப் பட்டறையிலும் வந்துவிட்டது. சிலிகான் இறுகும் வரை வழவழப்பான எண்ணெய் மாதிரிதான் நடந்துகொள்ளும். நட்டை முடுக்கும்போது கார்க் அதன் மேல் வழுக்கி வெளியே ஓடும். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்துவிடலாம். உள்ளே அதே அளவு பிதுங்கியிருக்கிறதே, அதை யார் துடைப்பது? அது உள்ளேயே இறுகி, ஒருநாள் நூல் நூலாகப் பிய்ந்து சம்ப்பில் விழும். ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டும். மேஸ்திரியின் பட்டறைக்கு ஒரு வண்டி ஆயில் பிரஷர் இல்லை என்று வந்தது. சம்ப்பைக் கழற்றினால் வலை முழுக்க சிலிகான் இழைகள், பேரிங் செப்பு நிறத்துக்குத் தேய்ந்து போயிருந்தது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாத என்ஜின் அது. சொந்தக்காரர் அதைப் பெருமையாகவே சொன்னார்.

பூச்சு மருந்துகளில் எனக்கு உண்மையான மரியாதை உள்ளது இரண்டின் மேல். ஒன்று ஹைலோமார். ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் என்ஜின்களுக்காக உருவான நீலநிறப் பசை. அது எப்போதும் இறுகாது. மெல்லியதாகத் தடவி, அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகப் பத்து நிமிஷம் விட்டு, பிறகு மூடினால் போதும். வருஷங்கள் கழித்துத் திறந்தாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும், அதற்கேற்ற கரைப்பானால் துடைத்தால் போய்விடும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் கவர் மாதிரி காகிதப் பேக்கிங் போடுகிற வார்ப்பு முகங்களுக்கு இதைவிட நாகரிகமான பூச்சு எனக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஷெல்லாக் இதே வேலையைச் செய்தது. அரக்குப் பூச்சியின் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த அதே சரக்குத்தான். ஆயிலும் பெட்ரோலும் அதைத் தொட முடியாது. ஆனால் இறுகிவிட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், சுரண்டுவது பெரும் பாடு.

இன்னொன்று அனரோபிக் வகை. 1953இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் உருவாக்கி, லாக்டைட் என்று பெயர் பெற்ற குடும்பம். காற்று இருக்கும் வரை திரவமாகவே இருக்கும். இரண்டு உலோகங்களுக்கு நடுவில் அடைபட்டு, காற்று அற்றுப்போனதும் இறுகும். கடையில் வாங்கும் பாட்டில் எப்போதும் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று சிலர் குறைப்படுவார்கள். நிரப்பினால் பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடும். அந்தப் பாதிக் காற்றுதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. இந்தப் பூச்சில் நான் ரசிப்பது அதன் அடக்கம். வெளியே பிதுங்கியதும் உள்ளே பிதுங்கியதும் காற்று பட்டும் ஆயில் பட்டும் இறுகாமல் கரைந்தோடிவிடும், ஸ்ட்ரெய்னரை அடைக்காது. ஆனால் இதற்குத் தடித்த, அசையாத, மெஷின் பண்ணிய முகங்கள் வேண்டும். கியர் பாக்ஸ் ஹவுசிங்குக்குப் பொன்னான பொருள். தகர டேப்பெட் கவருக்குப் போட்டால் காசு வீண். பட்டறையில் எல்லா மூட்டுக்கும் ஒரே ட்யூப் என்று வந்த பிறகு, இந்த வேற்றுமையைச் சொல்லித் தருகிறவர் யாரும் இல்லை.

ஹெட் பேக்கிங்கைத் தொடாமல் போனால் பத்மினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுடைய துன்பம் எனக்குப் புரியும். பத்மினியில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் நடுவில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தும்போதும் ஹெட் அந்த அளவுக்குப் பேக்கிங்கின் மேல் தேய்ந்து போய்வருகிறது. அம்பாசடரின் பழைய என்ஜினில் இரண்டுமே இரும்பு. சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்கும். செம்புத் தகடுகளுக்கு நடுவில் அஸ்பெஸ்டாஸ் வைத்த பழைய பேக்கிங் அதில் அத்தனை நாள் தாங்கியது இதனால்தான். மேற்கு மலை ஏறுகிற பத்மினிகள் ஆயில் மூடியில் மோர் நுரை கட்டிக்கொண்டு நின்ற கதையும் இதனால்தான். ஓட்டுகிறவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அஸ்பெஸ்டாஸ் போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் முழுதாகத் தடை செய்தது. அதன் தூசி நுரையீரலில் செய்கிற வேலையைப் பார்த்தால் அது தாமதம். பழைய என்ஜினைத் திறக்கிறவர்கள் அந்தச் சாம்பல்நிறப் பேக்கிங்கை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, நன்றாக நனைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், காற்றடித்து ஊதவே கூடாது. இன்று புது என்ஜின்களில் வருகிற எம்.எல்.எஸ்., ஸ்பிரிங் எஃகுத் தகடுகளை அடுக்கி ரப்பர் பூசிய பேக்கிங், தன் இடத்தில் அற்புதமானது. ஹெட் தூக்கினால் அதுவும் தூக்கும், அமர்ந்தால் அமரும். ஆனால் அதற்கு முகம் கண்ணாடி போல வேண்டும். அம்பாசடர் பிளாக்கில் பழைய லேத்துக்காரர் ஃபேஸிங் அடித்த கோடுகள் விரலில் இடறும், அங்கே எம்.எல்.எஸ். போடச் சொல்லி அறிவுரை தருகிறவர்களை நான் மறுத்தே ஆக வேண்டும். கரடுமுரடான முகத்துக்கு மிருதுவான கூட்டுப் பேக்கிங்தான் சரி. அதற்கு இன்னொரு கடமையும் உண்டு. ஓடிச் சூடேறி அடங்கியதும் கூட்டுப் பேக்கிங் கொஞ்சம் தாழும், நட்டின் பிடி தளரும். எண்ணூறு கிலோமீட்டரில் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து, நடுவிலிருந்து வெளியே வருகிற அதே வரிசையில் டார்க் ரெஞ்ச் போட்டு, டேப்பெட்டைத் திரும்ப செட் பண்ண வேண்டும். முன்பு மேஸ்திரிகளே ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். இன்று நாமே வலியப் போய்க் கேட்டாலும் “அதெல்லாம் வேண்டாங்க சார், ஓட்டுங்க” என்கிறார்கள்.

கையால் பேக்கிங் வெட்டுவதும் போய்விட்டது. தெர்மோஸ்டாட் கவருக்கோ டைமிங் கவருக்கோ பேக்கிங் கிடைக்காத நாளில் மேஸ்திரி பேக்கிங் காகிதத்தை அந்த முகத்தின் மேலேயே விரிப்பார். முதலில் ஒரு போல்ட் துளை. துளையின் மேல் காகிதத்தில் ஒரு பழைய பேரிங் குண்டை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. காகிதம் துளையின் கூரான விளிம்பில் வட்டமாக அறுந்து உள்ளே விழும். உடனே அதில் ஒரு போல்ட்டைச் செருகிவிடுவார், காகிதம் நகராமல் இருக்க. எதிர் மூலையில் அடுத்தது. நாலு போல்ட்டும் நின்ற பிறகு, பால் பீன் சுத்தியின் உருண்டை முனையால் ஓரத்தோடு ஓரமாகத் தட்டிக்கொண்டே போவார். காகிதத்தில் விளிம்பு ஒரு கருங்கோடாகத் தெரிய ஆரம்பிக்கும், பிறகு அந்தக் கோட்டிலேயே அறுந்து விழும். டிக் டிக்கென்று சீரான சத்தம். காகிதத்தை அறுக்கும் அளவுக்குத்தான் ஒவ்வொரு அடியும், வார்ப்பு விளிம்பைக் காயப்படுத்தும் அளவுக்கு இல்லை. அலுமினிய முகமாக இருந்தால் சுத்தியையே எடுக்க மாட்டார், விரலால் அழுத்தி அச்செடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டுவார். காகிதத்தின் தடிமனை இரு விரலால் தேய்த்தே சொல்லிவிடுவார். தடிமன் கூடினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் அதிகம். முகம் நேராக இருந்தால் எத்தனை மெல்லியதோ அத்தனை நல்லது; மெல்லிய காகிதம் குறைவாகத் தாழும், நட்டின் பிடி நிற்கும்.

சுத்தம் பண்ணுவதிலும் சோம்பல் வந்துவிட்டது. கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டி அலுமினிய முகத்தை ஒரே நிமிஷத்தில் பளபளக்க வைக்கிறார்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வட்டு போன இடமெல்லாம் பள்ளம் விழுகிறது. அதிலிருந்து உதிரும் அரத்தூள் ஆயில் வழிகளில் இறங்கி பேரிங்கைத் தின்கிறது. மரச்சீவல், பித்தளைத் தகடு, தின்னர், பொறுமை. அலுமினியத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒழுகுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ப்ரீதரைப் பற்றி. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு கிராங்க் கேஸில் சேர்கிறது. அதற்கு வெளியே போக வழி வேண்டும். பழைய அம்பாசடரில் முன் சைடு கவரிலிருந்து கீழே தொங்குகிற குழாய் அந்த வழி. அதில் கரியும் ஆயிலும் சேர்ந்து களியாகி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறின அழுத்தம் எந்த மூட்டு பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். உலகத்தில் எந்தப் பேக்கிங்கைப் போட்டாலும் அது நிற்காது. குழாயைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குத்தி எடுத்தால் பாதி ஒழுகல் அன்றைக்கே நின்றுவிடும். செலவே இல்லாத வேலை என்பதாலோ என்னவோ பட்டறைகளில் இதை யாரும் சொல்வதில்லை. டைமிங் கவரிலும் இப்படி ஒரு ரகசியம். கவரின் போல்ட்களைத் தளர்வாக மாட்டி, கிராங்க் புல்லியை உள்ளே செருகி, சீல் புல்லியைச் சுற்றி நடுவாக உட்கார்ந்த பிறகுதான் போல்ட்களை இறுக்க வேண்டும். முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியைச் செருகினால் சீல் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும்.

பின் மெயின் பேரிங்குக்கு வருகிறேன். அந்த இடத்தில் இந்த என்ஜினுக்கு உரசி நிற்கிற சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் திருகு மாதிரி ஒரு மரை வெட்டியிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது அந்த மரை ஆயிலை உள்பக்கமாகவே திருப்பி அனுப்பும். ஓடுகிற வரை அடைப்பு. நின்ற பிறகு, அதுவும் மூக்கைத் தூக்கி மேட்டில் நிறுத்தினால், நாலு சொட்டு கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் வரும். சுற்றியிருக்கும் உலோகத்துக்கும் மரைக்கும் இடையே தலைமயிர் அளவு இடைவெளி. பேரிங் தேய்ந்தால் அதுவும் கூடும். இதை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் திரவ மருந்துகள் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்கிறவை. ரப்பரே இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும்? பின்னால் வந்த ஐந்து பேரிங் 1800 சி.சி. பி சீரீஸில் அங்கே ஒழுங்கான லிப் சீல் வைத்தார்கள். நம்முடையது மூன்று பேரிங். பேரிங்கும் ப்ரீதரும் நல்ல நிலையில் இருந்தால் அந்த நாலு சொட்டை நான் ஒழுகல் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியாக, வாங்குவது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, புதுப்பேட்டை இருக்கிறது. ஃபுல் செட் என்று பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வருவதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். பெயர் பெற்ற கம்பெனியின் உறையைப் போலவே அச்சடித்த போலிகள் நிறைய. உறையை அங்கேயே பிரித்து கார்க்கை மட்டும் வெளியே எடுங்கள். நகத்தால் அழுத்திவிட்டு எண்ணுங்கள். பத்து எண்ணுவதற்குள் தடம் எழ வேண்டும். விரல் தடிமனுள்ள பைப்பைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். நல்ல கார்க் வளையும், மட்டமானது துகள் உதிர்த்துக்கொண்டு வெடிக்கும். துகள் பெரிதாகவும் கருப்பாகவும் இருந்தால் அது மட்டமான பட்டை, பசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நல்ல தாள் கிடைக்கிற கடை தெரிந்தால் மூன்று மில்லிமீட்டரில் ஒரு முழுத் தாளாகவே வாங்கி, வெயில் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். பழைய பேக்கிங்கைத் தூக்கிப் போடாமல் அச்சுக்கு வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடைக்கே போக வேண்டியதில்லை. உறையைப் பிரிக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால் அங்கே வாங்காதீர்கள். நாலு கடை தள்ளி, பேக்கிங்கைத் தானே எடுத்து வளைத்துக் காட்டி விற்கிற வயதான கடைக்காரர் ஒருவர் இன்னும் உட்கார்ந்திருப்பார், அவரிடம் வாங்குங்கள்.